காற்றை ஏவல் கொள்ளுதல்: நாஞ்சில் நாட்டுச் சாலையில் டீசல்

நாஞ்சில் நாட்டுக்கு இரயில் வந்தது 1979-இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை அவ்வாண்டு பாதை திறக்கப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலியோடு அது இணைய 1981 ஆயிற்று. பம்பாயிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது 1853-இல் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தத் தாமதத்தின் அளவு விளங்கும். நீர்வழி ஒன்றுக்கும் முயற்சி நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் கன்னியாகுமரியை எட்டாமலேயே நின்றுபோயிற்று.

ஆகவே நெல்லும் தேங்காயும் வாழைக்குலையும் உப்பும் கருப்பட்டியும் மீனும் சாலை வழியாகத்தான் சென்றாக வேண்டும். முதலில் மாட்டுவண்டி, பிறகு மோட்டார். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் இந்த நிலத்தின் இருபதாம் நூற்றாண்டு வாழ்க்கையைப் பேசப் புகுபவர், கோயில்களையும் குளங்களையும் பேசுவதோடு டீசல் இன்ஜினையும் சிறிது பேசித்தான் ஆகவேண்டும். இலக்கிய வாசகர்களுக்கு இது சற்று அந்நியமான பொருளாகத் தோன்றலாம். ஆனால் இந்த இன்ஜினின் வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்க ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது. தோவாளையிலிருந்து பூக்கூடைகளையும், குளச்சலிலிருந்து ஐஸ் இட்ட மீனையும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு ஓடும் பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இன்றும் அதையே கேட்கிறார்: வண்டிக்குப் புல்லிங் கூட வேண்டும், ஆனால் மைலேஜ் குறையக்கூடாது, ஓட்டுவதற்கும் முரண்டு பிடிக்கக்கூடாது. இது கூடுமா?

கூடும் என்பதே வரலாறு தரும் விடை. எந்த வரிசையில் செய்தால் கூடும் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

*

1937 செப்டம்பரில் திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கண்காணிப்பாளரை நியமித்தது. அவர் பெயர் இ. ஜி. சால்ட்டர். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றியவர். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் வரவழைக்கப்பட்டன. அவற்றில் பொருத்தப்பட்டிருந்தவை பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின்கள். வண்டியின் கூடுகளைச் சால்ட்டரின் மேற்பார்வையில் துறையின் தொழிலாளர்களே திருவனந்தபுரத்தில் கட்டினார்கள். 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் இச்சேவையைத் தொடங்கிவைத்தார். முதல் பேருந்தை ஓட்டியவர் சால்ட்டரே. அரசு தன் கையில் எடுத்துக்கொண்ட முதல் வழித்தடம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலை.

இன்று கேரளத்தின் அரசுப் பேருந்துக் கழகம் தன் பிறப்பாகக் கொண்டாடும் நிகழ்ச்சி இது. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்துவிட்டதால், இந்தத் தொடக்கத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி வந்து, நாகர்கோவிலைத் தாண்டியபின் வயல்வெளிகளுக்கு நடுவே சமதளத்தில் ஓடும் அச்சாலை, ஓர் இன்ஜினின் இழுவையையும் சிக்கனத்தையும் ஒருசேரச் சோதிக்கத் தக்க சாலை.

பெர்க்கின்ஸ் என்ற பெயரை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். டீசல் இன்ஜின் பிறந்தது ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில். 1897-இல் ருடால்ஃப் டீசலின் இன்ஜினைப் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எண்ணெயின் வெப்பத்தில் 26 விழுக்காட்டை அது வேலையாக மாற்றியது. நீராவி இன்ஜின்கள் பத்து விழுக்காட்டைச் சுற்றித் திணறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அந்த இன்ஜின் ஆள் உயரத்தைவிடப் பெரியது, மெதுவாகச் சுழல்வது, தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் உரியது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் 1932-இல் தொடங்கிய நிறுவனம்தான் சிறு வண்டிகளிலும் பொருந்தக்கூடிய, வேகமாகச் சுழலும் இலகுவான டீசல் இன்ஜின்களைச் செய்வதையே தன் தொழிலாகக் கொண்டது. அதற்கு ஆறே ஆண்டுகளில் அவ்வகை இன்ஜின் நாஞ்சில் நாட்டுச் சாலையில் ஓடியது. இன்றைய பிக்கப் வண்டியின் நேரான மூதாதை அது எனலாம்.

*

டீசலின் இயல்பு பெட்ரோலினின்றும் வேறானது. பெட்ரோல் இன்ஜினில் மிதியை அழுத்தினால் காற்றின் வழி திறக்கிறது. டீசலில் காற்றின் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. மிதி கூட்டுவதும் குறைப்பதும் எண்ணெயை மட்டுமே. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றை உந்துதண்டு அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. அதற்குள் எண்ணெய் பனித்துளியாகத் தெளிக்கப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. தீப்பொறிக்குத் தேவையில்லை.

இதனால் ஒரு மயக்கம் உண்டாகிறது. எண்ணெயைக் கூட்டினால் வலு கூடும் என்று தோன்றிவிடுகிறது. ஓரெல்லை வரை அது உண்மையும்கூட. அந்த எல்லையை இடுவது காற்று. ஒரு கிலோ டீசல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். நாம் அறிந்த அளவையில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் இன்ஜின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது மூச்சிழுக்கும். ஆக நிமிடத்திற்கு அது இழுக்கக்கூடிய காற்று 2,500 லிட்டர். கால் லிட்டர் டீசலுக்குத்தான் அது சரியாகப் போதும். எண்ணெய்த் துளியும் காற்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் முற்றாகக் கலந்துவிடுவதில்லை என்பதால், நடைமுறையில் அந்தக் கால் லிட்டரையும் எட்ட முடியாது. அதற்கு முன்பே புகை தொடங்கிவிடும்.

ஏற்றத்தில் திணறும் வண்டியின் பின்னே எழும் கரும்புகை எரியாமல் வெளியேறும் கரித்துகள். ஓட்டுநர் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயின் ஒரு பகுதி அது.

விடுதலைக்குப் பின்னான பல பத்தாண்டுகள் இந்த எல்லைக்கு உட்பட்டே நம் வண்டிகள் ஓடின. சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1950-களில் பெர்க்கின்ஸ் பி6 இன்ஜினைச் செய்தது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா, மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1954-இல் லாரிகளைத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட். 1951-இல் தொடங்கிய பெங்களூரின் மைக்கோ நிறுவனம் எண்ணெய் தெளிக்கும் பம்புகளைச் செய்து கொடுத்தது. இவற்றில் பெரும்பாலானவை தம் மூச்சைத் தாமே இழுத்துக்கொள்ளும் இன்ஜின்கள். வலுப் போதாதபோது பட்டறைகளில் கைக்கொள்ளப்பட்ட வழி ஒன்றுதான்: பம்பில் எண்ணெய் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைச் சற்றே திருகிவிடுவது. பம்பு செய்த நிறுவனம் அத்திருகை ஈய முத்திரையிட்டு அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. திருகினால் முதல் வாரம் வண்டி பாய்ந்து ஓடும். பிறகு புகை தள்ளும், மைலேஜ் இறங்கும், பிஸ்டனும் வால்வும் வெப்பத்தால் கெடும். காற்றைக் கூட்டாமல் எண்ணெயைக் கூட்டியதன் விளைவு அது.

*

காற்றைக் கூட்டுவது எப்படி? இதற்கு விடை கண்டவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி. எரிந்த எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாய்ப் போகிறது. அந்தப் புகை வேகத்தோடு வெளியேறுகிறது. அதன் வழியில் ஒரு காற்றாடியை வைத்து, அதே அச்சில் மறுமுனையில் இன்னொரு காற்றாடியைப் பொருத்தினால், முதலாவது புகையால் சுழலும்; இரண்டாவது வெளிக்காற்றை அள்ளி உருளைக்குள் திணிக்கும். 1905-இல் இக்கருத்துக்குப் பூக்கி காப்புரிமை பெற்றார். செயலாக்க இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920-களில் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களின் டீசல் இன்ஜின்களில் இம்முறை பொருத்தப்பட்டபோது அவற்றின் வலு 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-ஆக உயர்ந்தது. சாலையில் ஓடும் லாரிக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் சுவிட்சர்லாந்தின் சௌரர் நிறுவனத்தார், ஆண்டு 1938. கன்னியாகுமரிச் சாலையில் சால்ட்டரின் பேருந்துகள் ஓடத் தொடங்கிய அதே ஆண்டு.

டர்போ என்று நாம் சொல்வது இதைத்தான். நாஞ்சில் நாட்டவருக்கு இதைப் புரியவைக்க அதிக விளக்கம் தேவையில்லை. கணவாயின் வழியே புகுந்து வரும் காற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் காற்றாலைகள், முப்பந்தலைச் சுற்றி 1980-களின் பிற்பகுதியிலிருந்து வரிசையாக நிற்கின்றன. வீணே கடந்துபோகும் காற்றை வேலை வாங்குவது அங்கு நிகழ்கிறது. டர்போவில் அதே செயல் உள்ளங்கை அளவுச் சக்கரத்தில், நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலான வேகத்தில் நிகழ்கிறது. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கடலில் கலம் செலுத்தியவனாகப் போற்றுகிறார். வலு என்பதைக் காற்றின் மீதான ஆட்சியாகக் காணும் பார்வை தமிழுக்குப் புதிதன்று.

டர்போவோடு சேர்த்துச் சொல்லவேண்டிய துணைக்கருவி ஒன்றுண்டு. காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். அழுத்தியதன் பயனில் ஒரு பகுதி அப்படியே போய்விடும். ஆகவே டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வந்தது. ரேடியேட்டருக்கு அருகில் நிற்கும் இந்தத் தகடடுக்கு வலுவையும் கூட்டுகிறது, இன்ஜினின் உட்சூட்டையும் குறைக்கிறது.

*

வரிசை முக்கியம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு மிகத் தெளிவான சான்று நம் இரயில்வேயில் இருக்கிறது. நாகர்கோவிலுக்குத் தாமதமாய் வந்த இரயில், மின்கம்பிகள் வரும்வரை டீசல் இன்ஜின்களாலேயே இழுக்கப்பட்டது. இந்திய இரயில்வேயின் அக்கால உழைப்பாளி டபிள்யூடிஎம்-2 என்ற இன்ஜின். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவம், 1964 முதல் வாரணாசியில் செய்யப்பட்டது, 16 உருளைகள், டர்போ உண்டு, வலு 2,600 குதிரைத்திறன்.

இரயில்கள் நீண்டன; பெட்டிகள் கூடின; வலு போதவில்லை. புது இன்ஜினை விலைக்கு வாங்குவது ஒரு வழி. லக்னோவில் உள்ள இரயில்வே ஆராய்ச்சி அமைப்பின் பொறியாளர்கள் வேறு வழியில் சென்றார்கள். அதே 16 உருளைகள், அதே கொள்ளளவு. மேலும் திறமையான டர்போ, பெரிய காற்றுக் குளிர்விப்பான், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றியமைத்த கேம் தண்டு, வெப்பம் தாங்கும் எஃகுத் தலையுள்ள பிஸ்டன், எண்ணெயைக் குறுகிய நேரத்திற்குள் செலுத்திவிடும் பெரிய பம்பு. இவை சேர்ந்து 1990-களில் 3,100 குதிரைத்திறனுள்ள டபிள்யூடிஎம்-3ஏ உருவாயிற்று. ஏறத்தாழ 19 விழுக்காடு வலு உயர்வு; ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் செலவாகும் எண்ணெயோ முன்பைவிடக் குறைவு. பட்டியாலாவின் பணிமனையில் பழைய இன்ஜின்கள் பல பிரித்து மாற்றிக் கட்டப்பட்டுப் புதிய வலுவோடு திரும்பின.

இதில் எண்ணெயும் கூட்டப்பட்டிருக்கிறது என்பதை வாசகர் கவனித்திருப்பார். ஆனால் அது தனியாகக் கூட்டப்படவில்லை. காற்று, அதன் குளிர்ச்சி, அது வந்துபோகும் நேரம், வெப்பத்தைத் தாங்கும் உலோகம் ஆகியவை உறுதி செய்யப்பட்ட பின்னரே, அவற்றுக்கு ஏற்ற அளவில் எண்ணெய் வந்தது. பட்டறையில் திருகைத் திருகியவரும் பொறியாளரும் செய்ய விரும்பியது ஒன்றே. ஒருவர் கடைசிப் படியை முதலில் எடுத்து வைத்தார். மற்றவர் அதைக் கடைசியில் வைத்தார்.

*

மீண்டும் சாலைக்கு வருவோம். 1986-இல் வந்த டாட்டா 407, 2005-இல் வந்த டாட்டா ஏஸ், மஹிந்திராவின் பிக்கப் வண்டிகள் ஆகியவை சிறு வியாபாரியையும் விவசாயியையும் லாரி ஆபீசின் தயவிலிருந்து விடுவித்தன. வடசேரிச் சந்தைக்கு வரும் வாழைத்தாரும் மலையோரத்து ரப்பர் ஷீட்டும் இவ்வண்டிகளில்தான் பெரும்பாலும் ஏறுகின்றன. பெரிய லாரிக்கு ஓட்டத்தின் சராசரிதான் கணக்கு; சிறு வண்டிக்கு நெருக்கடி வேறு. மார்த்தாண்டத்து நெரிசலில் முதல் கியரில் ஊரவேண்டும். குறுகலான மேட்டில் நின்று கிளம்பவேண்டும். விடியுமுன் பூ வாடாமல் சந்தை சேரவேண்டும். எந்த வேகத்தில் எவ்வளவு இழுவை கிடைக்கிறது என்பதே இங்கு ஓட்டுநரின் நிம்மதியைத் தீர்மானிக்கிறது.

டர்போவின் பலவீனம் இங்குதான் வெளிப்படும். புகை போதிய அளவு வந்தால்தான் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால்தான் காற்று வரும். மிதியை அழுத்திய பின் ஒரு கணம் வண்டி யோசிப்பது போன்ற தயக்கம் இதனால் ஏற்படுகிறது. பெரிய டர்போ மேல்வேகத்தில் மிகுந்த வலுத் தரும், கீழ்வேகத்தில் உறங்கும். சிறிய டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும்; மேலே மூச்சு முட்டும். புகையின் போக்கைத் திருப்பும் இறகுகளை அசைத்து இரண்டுக்கும் நடுவழி கண்ட டர்போக்கள் பின்னர் வந்தன. 1997-இல் ஐரோப்பியக் கார்களில் அறிமுகமான காமன் ரெயில் முறை இன்னொரு பெரும் மாற்றம். 1,350 பார் அழுத்தத்தில் பொதுக்குழாய் ஒன்றில் எண்ணெயைத் தேக்கி, கணினியின் கட்டளைப்படி ஒரே வீச்சில் பல தவணைகளாக அதைத் தெளித்தார்கள். துளி நுண்ணியதாயிற்று, காற்றோடு நன்றாய்க் கலந்தது, முன்பு புகையாய்ப் போனது இழுவையாயிற்று. இந்தியாவில் அரசு படிப்படியாக இறுக்கிய புகைக் கட்டுப்பாடுகள், குறிப்பாக 2017-இல் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 ஆகியவை, இந்த நுட்பங்களைச் சிறு சரக்கு வண்டி வரை கொண்டுவந்து சேர்த்தன. புகையைக் குறைக்கும்படி எழுந்த சட்டம், ஓட்டுநருக்கு இழுவையையும் தந்தது என்பது இவ்வரலாற்றின் இனிய முரண்.

இன்று திருகு இல்லை, கணினி இருக்கிறது. அதன் கணக்கை மாற்றி எழுதித் தருவதற்கும், கணினிக்குப் பொய்த்தகவல் சொல்லி எண்ணெயைக் கூட்ட வைக்கும் சிறு பெட்டிகளை விற்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெட்டி புதிது, ஆசை பழையது. டர்போவும் இன்டர்கூலரும் உள்ள இன்ஜினில் காற்றுக்குச் சிறிது மிச்சம் இருக்கும் என்பதால், அளவோடு செய்யப்படும் மாற்றம் நடுவேகத்தில் இழுவையைக் கூட்டவே செய்யும். புகை தள்ளாதவரை மைலேஜும் பெரிதாக இறங்காது. ஆனால் அந்த மிச்சம் காரணமின்றி விடப்பட்டதன்று. கோடை வெயிலுக்கும், அதிகப்படி லோடுக்கும், அடைபட்ட வடிகட்டிக்கும், கிளட்ச் தட்டின் ஆயுளுக்கும் ஒதுக்கப்பட்ட முதல் அது. பாரத் ஸ்டேஜ் 6 வண்டியில் கூடுதல் கரி புகைக்குழாயின் வடிகட்டியைப் போய் அடைக்கும். தயாரிப்பாளர் வகுத்த தன்மையை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவில் இருக்கவேண்டும்.

அதற்கு முன், இழந்த வலுவை மீட்பது என்று ஒன்று இருக்கிறது. செம்மண் தூசி அடைத்த காற்று வடிகட்டி, டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல், சேறு படிந்த இன்டர்கூலர், தேய்ந்த இன்ஜெக்டர் முனை, காற்றுக் குறைந்த டயர். ‘புல்லிங் இல்லை’ என்று பட்டறைக்கு வரும் வண்டியில் இவற்றுள் ஒன்றேனும் இருக்கக்கூடும். ஐந்தில் முதல் மூன்றும் காற்றைப் பற்றியவை. இவற்றைச் சரிசெய்வதில் எண்ணெய் ஒரு துளியும் கூடுவதில்லை. இழுவையும் சிக்கனமும் கைகோத்துத் திரும்புகின்றன.

ஒன்றரை டன் சரக்கை ஒரு மேட்டில் ஏற்றுவதற்கு வேண்டிய வேலை, சிறிய இன்ஜினுக்கும் பெரிய இன்ஜினுக்கும் ஒன்றே. எண்ணெய்க் கணக்கைத் தீர்மானிப்பவை அந்த வேலை எவ்வளவு சுத்தமாகச் செய்யப்படுகிறது என்பதும், கூடிய வலுவை ஓட்டுநர் ஏற்றத்தில் செலவிடுகிறாரா, சமதளத்தில் பறப்பதற்குச் செலவிடுகிறாரா என்பதும்தான். வேகம் இருமடங்கானால் எதிர்காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய வலு எட்டு மடங்காகும். முப்பந்தல் பக்கம் எதிர்காற்றில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இரயில் தாமதமாய் வந்த ஒரு நிலத்தை எண்பதாண்டுகளுக்கும் மேலாகத் தோளில் சுமந்து வந்திருக்கிறது இந்த இன்ஜின். அதன் வலு வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் காற்றுக்கு வழி செய்யப்பட்டது. எண்ணெய் அதன் பின்னே வந்தது. மின்வண்டிகள் வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில் டீசலின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று சொல்லப்படுகிறது. இருக்கலாம். அதுவரை, அதிகாலையில் தோவாளையிலிருந்து பிச்சியும் அரளியும் ஏற்றிக்கொண்டு மேற்கே போகும் வண்டி, புகையின்றி மேடேறுவதைக் காண நேர்ந்தால், ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பத்தாயிரம் லிட்டர் காற்றை அது ஏவல் கொண்டு செல்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளலாம்.